ஐந்து நிமிட ஓபியும் ஐம்பது நிமிடப் பேச்சும்: உளப்பகுப்பாய்வு சிகிச்சை ஓர் அறிமுகம்

சென்னையில் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறவர்கள் குறைவு. நெஞ்சடைக்கிறது என்று வருவார்கள். தலை பாரம், கை கால் வெலவெலப்பு, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு, சோறு இறங்கவில்லை என்று வருவார்கள். முதலில் இசிஜி எடுப்பார்கள், சரியாக இருக்கும். சர்க்கரை, தைராய்டு பார்ப்பார்கள். அதுவும் சரியாக இருக்கும். சத்து ஊசி ஒன்று போட்டு அனுப்புவார்கள். மூன்றாவது அல்லது நான்காவது டாக்டர்தான் கொஞ்சம் தயங்கி, "எதுக்கும் மனநலப் பிரிவுல ஒருதடவை காட்டிடுங்களேன்" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்.

பெரம்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 62 வயதில் அப்படியொரு சீட்டு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓர் அரசு மருத்துவமனை வராந்தாவில் அவரோடு பல காலைகள் உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்கு முன்னால் எழுபது, எண்பது பேர் இருப்பார்கள். டாக்டர் நல்லவர், முகம் பார்த்துப் பேசுவார். ஆனால் ஒருவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுத்தால் அன்றைக்குள் வரிசை முடியாது. அவர் கொடுத்த மாத்திரை பலன் தந்தது, பெரியம்மா தூங்கினார். ஆனால் ஒருநாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்: "டாக்டர் நல்லாத்தான் பாக்கறார். நான் சொல்ல வந்தது மட்டும் தொண்டையிலயே நின்னுபோச்சு."

தொண்டையில் நின்றுபோனதைப் பேசவைத்து அதன் வழியாகவே குணம் தேடும் சிகிச்சை ஒன்று 130 ஆண்டுகளாக உலகத்தில் இருக்கிறது. உளப்பகுப்பாய்வு என்று பெயர். அது எப்படி நடக்கிறது, உண்மையிலேயே பலன் தருகிறதா, வரிசையில் எண்பது பேர் நிற்கும் அரசு ஓபியில் அதற்கு இடம் உண்டா என்பதையெல்லாம் முன்பின் எதுவும் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், அது என்ன?

வியன்னாவின் நரம்பியல் மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டும் அவருடைய மூத்த நண்பர் யோசஃப் ப்ராயரும் 1895இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் 'அன்னா ஓ' என்று பெயர் மாற்றப்பட்ட இளம்பெண் ஒருவர் வருகிறார். மனதில் வருவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லத் தன் உடல் தொந்தரவுகள் தணிவதைக் கவனித்து, அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஒரு சிகிச்சைக்கு நோயாளியே பெயர் வைத்தது மருத்துவத்தில் அபூர்வம். அந்தச் சிகிச்சையோடு அவர் முழுக்கக் குணமாகிவிடவில்லை, பிறகு சானடோரியத்தில் சேர்ந்து தங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தத் துறையின் முதல் கதையிலேயே நம்பிக்கையும் ஏமாற்றமும் கலந்துதான் இருக்கின்றன.

அடிப்படை எண்ணம் எளிது. நம் மனதில் நடப்பதில் பெரும்பகுதி நமக்கே தெரியாமல் நடக்கிறது. வலிக்கும் நினைவுகளையும் ஒப்புக்கொள்ள முடியாத ஆசைகளையும் நாம் ஒதுக்கித் தள்ளுகிறோம். தள்ளியது காணாமல் போவதில்லை, வேறு உருவில் திரும்பி வருகிறது. சிறு வயதில் நம்மை வளர்த்தவர்களிடம் பழகிய விதம், பிற்பாடு மனைவியிடமும் முதலாளியிடமும் நாம் பழகும் விதத்தில் புகுந்துகொள்கிறது.

கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் மகேஸ்வரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் தையல் வேலை. சூப்பர்வைசர் குரலை உயர்த்தினால் அவருக்குக் கை மரத்துப்போகும், மூச்சு முட்டும். இது அவருக்கு மூன்றாவது கம்பெனி, மூன்றிலும் இதே தொந்தரவு. மாத்திரை சாப்பிட்டால் குறைகிறது, நிறுத்திய சில மாதங்களில் திரும்புகிறது. வாரம் ஒருமுறை ஒரு தெரபிஸ்டிடம் போய்ப் பேசத் தொடங்குகிறார். ஏழாவது வாரம் பஸ் கிடைக்காமல் பத்து நிமிடம் தாமதம். உள்ளே வந்தவர் உட்காரவில்லை. "கோவமா இருக்கீங்களா மேடம்?" என்கிறார்.

தெரபிஸ்டுக்குக் கோபம் இல்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்று சொல்லி அதைத் தாண்டிப் போயிருக்கலாம், நாமெல்லாம் அப்படித்தான் செய்வோம். அவரோ, "நான் கோவமா இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தோணுது?" என்று கேட்கிறார். நீண்ட மௌனம். பிறகு மகேஸ்வரி, வேலை முடிந்து வரும் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் தானும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டு மூலையில் ஒடுங்கியதைச் சொல்கிறார். இதை யாரிடமும் அவர் மறைத்து வைத்திருக்கவில்லை. சூப்பர்வைசரைக் கண்டால் கை மரத்துப்போவதற்கும் அந்தச் செருப்புச் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று அவருக்கே தோன்றியதில்லை.

பழைய உறவில் பழகியதைப் புதிய ஆளின் மேல் ஏற்றிப் பார்ப்பதை டிரான்ஸ்ஃபரன்ஸ் என்பார்கள். உணர்வேற்றம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உளப்பகுப்பாய்வின் உயிர்நாடி இதுதான். மகேஸ்வரியின் பயம் அறைக்கு வெளியே எங்கோ கிடக்கும் விஷயமாக இல்லாமல், அந்த அறைக்குள்ளேயே, அந்த இருவருக்கு நடுவிலேயே வந்து நிற்கிறது. அதனால்தான் அதைத் தொட முடிகிறது. ஒரு தடவை புரிந்தவுடன் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ஃப்ளாஷ்பேக்கில் நோய் தீர்வது சினிமாவில்தான் நடக்கும். நிஜத்தில் அதே பயம் இருபது தடவை இருபது வேஷத்தில் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் அதை அடையாளம் கண்டு பேச வேண்டும். நாள் பிடிப்பது அதனால்தான்.

இந்தச் சிகிச்சைக் குடும்பத்தில் பல வகை உண்டு. ஃப்ராய்ட் காலத்து முறையில் நோயாளி சாய்வுக் கட்டிலில் படுத்துக்கொண்டு வாரம் நான்கைந்து நாள், வருடக்கணக்கில் பேசுவார். இன்று உலகெங்கும் அதிகம் நடப்பது அதன் சுருங்கிய வடிவம்தான்: நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து, வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, தலா 50 நிமிடம். இன்னும் சுருக்கி 16 முதல் 30 அமர்வுக்குள் முடிப்பவையும் உள்ளன. பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லத்தக்கது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. அது இன்றைய எண்ணத்தையும் நடத்தையையும் நேரடியாகப் பிடித்து மாற்றப் பார்க்கும், வீட்டுப்பாடம் கொடுக்கும், கணக்காகப் போகும். இரண்டையும் சண்டைக்கோழிகளாக நிறுத்துவது பலருக்கு வழக்கம், எனக்கு அதில் ஆர்வமில்லை.

பலன் தருகிறதா?

1952இல் லண்டனில் வேலை பார்த்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் ஒரு வெடிகுண்டைப் போட்டார். அதுவரை வெளிவந்த தகவல்களைக் கூட்டிப் பார்த்து, உளப்பகுப்பாய்வு பெற்றவர்களில் 44 சதவீதம் பேர் தேறினார்கள், இத்தகைய சிகிச்சை எதுவும் பெறாதவர்களில் 72 சதவீதம் பேர் தானாகவே தேறிவிட்டார்கள் என்றார். அவர் ஒப்பிட்ட இரு கூட்டத்தாரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. 'தேறினார்' என்பதன் அளவுகோலும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தக் கட்டுரை நல்லதுதான் செய்தது என்பது என் எண்ணம். "எங்களுக்குத் தெரியும், குணமாகிறது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்களைச் சோதனைக்கு இழுத்து வந்தது அதுதான்.

சோதனை என்றால் என்ன? ஒரே மாதிரித் தொந்தரவு உள்ள இருநூறு பேரை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு இந்தச் சிகிச்சை, மீதிப் பேருக்கு வேறொன்று என்று பிரிப்பார்கள். யாருக்கு எது என்பதை டாக்டரும் தீர்மானிக்கக் கூடாது, நோயாளியும் தீர்மானிக்கக் கூடாது. நல்ல நிலையில் இருப்பவர்களை ஒரு பக்கமாகச் சேர்த்துவிடும் தவறு அப்போதுதான் நடக்காது. கடைசியில் எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணுவார்கள்.

1977இல் மேரி லீ ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 375 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். சராசரியாகத் தெரபி பெற்ற ஒருவர், பெறாத நூறு பேர் வரிசையில் 75 பேருக்கு முன்னால் நிற்பார் என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. பேச்சு சிகிச்சை பொதுவாகப் பலன் தருகிறது என்பது அத்தோடு ஏறக்குறைய தெளிவாயிற்று. உளப்பகுப்பாய்வு வழி வந்த சிகிச்சை மற்றவற்றோடு ஒப்பிட்டால் எப்படி? 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 23 சீட்டுக்குலுக்கல் சோதனைகளை, மொத்தம் 2,751 நோயாளிகளை, எடுத்துக்கொண்டது. சிபிடி போன்ற ஏற்கெனவே நிரூபணமான சிகிச்சைகளுக்குச் சமமாக இதுவும் நிற்கிறது என்று அதில் தெரிந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில், மனச்சோர்வு கொண்ட 465 வளரிளம் பருவத்தினரிடம் சிபிடி, குறுகிய கால உளப்பகுப்பாய்வு சிகிச்சை, எளிய ஆதரவு சிகிச்சை மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றும் ஒரே அளவில்தான் உதவின.

நான் திரும்பத் திரும்பப் படித்த ஆய்வு வேறொன்று. லண்டனில் டாவிஸ்டாக் கிளினிக் என்று 1920இல் தொடங்கிய ஒரு மனநல நிலையம் இருக்கிறது, பிரிட்டனின் இலவச மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸைச் சேர்ந்தது. அங்கே நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. எடுத்துக்கொண்ட 129 பேரும் சாதாரணமாக மனச்சோர்வு வந்தவர்கள் இல்லை. குறைந்தது இரண்டு சிகிச்சை பார்த்தும் தேறாதவர்கள், வருடக்கணக்கில் அதிலேயே கிடந்தவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறுபாதிக்கு அதோடு சேர்த்து, 18 மாதத்தில் 60 அமர்வு, உளப்பகுப்பாய்வு சிகிச்சை.

18 மாதம் முடிந்து பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஓரளவாவது தேறியவர்கள் பேச்சு சிகிச்சை பெற்ற பக்கம் 32 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பக்கம் 24 சதவீதம். தற்செயலாகவும் அப்படி வரலாம். ஆய்வை அங்கேயே நிறுத்தியிருந்தால் 'பலனில்லை' என்று எழுதி மூடியிருப்பார்கள். நிறுத்தாமல் மேலும் இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் தேறியவர்களும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குச் சரிந்தார்கள். தேறி நின்றவர்கள் 4.4 சதவீதம்தான். பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் தேறியபடியே இருந்தார்கள். முழுக்கக் குணமானவர்கள் 14.9 சதவீதம், மறுபக்கம் 4.4.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். நூறில் எழுபது பேருக்கு இந்தச் சிகிச்சையும் போதவில்லை. அற்புதம் என்று யாரும் விற்க முடியாத கணக்கு இது. ஆனால் எதுவும் எடுபடாது என்று கைவிடப்பட்டவர்களில் நூறில் முப்பது பேர், சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆன பிறகும் காலூன்றி நிற்கிறார்கள். பேச்சு முடிந்த பிறகும் உள்ளே ஏதோ வேலை செய்துகொண்டே இருக்கிறது. மாத்திரையிடம் நாம் இதை எதிர்பார்க்க மாட்டோம்.

உணர்ச்சிக் கொந்தளிப்பும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் கொண்ட பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கு, ஆன்டனி பேட்மன், பீட்டர் ஃபோனகி இருவரும் இதே மரபிலிருந்து ஒரு சிகிச்சை வடிவத்தை உருவாக்கி 1999இல் சோதித்துக் காட்டினார்கள். எட்டாண்டு கழித்தும் அதே ஆட்களைத் தேடிப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் இடைப்பட்ட காலத்தில் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். இதைப் பெற்றவர்களில் 23 சதவீதம். மொத்தம் 41 பேரே கொண்ட சிறிய ஆய்வு. இருந்தாலும் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது உயிர்.

எங்கே எடுபடாது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மனச்சிதைவு எனப்படும் ஸ்கிஸோஃப்ரீனியாவுக்கு மருந்தில்லாமல் இந்தச் சிகிச்சையை மட்டும் கொடுத்தால் உதவாது. அமெரிக்காவில் ஃபிலிப் மே என்ற மருத்துவர் 1968இல் வெளியிட்ட ஆய்விலேயே அது தெளிவாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கை கழுவும் ஓசிடி போன்றவற்றுக்கு, பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் நடத்தை சிகிச்சைக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் அன்பின்மை என்று இந்தத் துறையில் சிலர் ஒரு காலத்தில் சொன்னது பெரிய பாவம். எத்தனையோ தாய்மாரை அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. சாய்வுக் கட்டிலில் வாரம் ஐந்து நாள் நடக்கும் பழைய முறைக்குச் சீட்டுக்குலுக்கல் சோதனைகள் மிகக் குறைவு. இன்னொன்று: ஒரு சிகிச்சையை ஆராய்கிறவர் பெரும்பாலும் அதையே நம்பித் தொழில் செய்பவராக இருக்கிறார். சிபிடி ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். ஃப்ராய்டின் கொள்கைகள் எல்லாம் சரி என்று இந்தச் சோதனைகள் எதுவும் நிரூபிக்கவில்லை. சிகிச்சை உதவுகிறது என்பது ஒன்று, அது எதனால் உதவுகிறது என்று ஃப்ராய்ட் சொன்ன விளக்கம் வேறு.

பணக்காரர்களின் வைத்தியமா?

சென்னையில் தனியாரிடம் போனால் ஓர் அமர்வுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்பது சாதாரணம். வாரா வாரம் ஒரு வருடம் போக யாரால் முடியும்? வசதியுள்ளவர்களுக்கான வைத்தியம் என்ற பேச்சு இதனால்தான் வருகிறது.

ஃப்ராய்டே இதை யோசித்திருக்கிறார். முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918 செப்டம்பரில், புடாபெஸ்டில் பேசும்போது, உயிர் காக்கும் அறுவை சிகிச்சைக்கு ஏழைக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை மன சிகிச்சைக்கும் உண்டு, ஒருநாள் சமூகத்தின் மனசாட்சி விழித்து இதை இலவசமாகத் தரும் என்றார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் காசு இல்லாதவர்களையும் பார்க்கும் நிலையங்கள் திறந்தன. அதே பேச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார்: எல்லாருக்கும் தர வேண்டுமென்றால் பகுப்பாய்வு என்ற சுத்தத் தங்கத்தில் செம்பு கலக்க வேண்டியிருக்கும். அதை ஒரு குறையாகச் சொன்னாரோ என்னவோ, நம் ஊர் பத்தரைக் கேட்டால் சிரிப்பார். செம்பு சேராமல் எந்தத் தங்கம் வளையலாக நிற்கும்? 16 அமர்வு, 25 அமர்வு என்று சுருங்கிய வடிவங்களை அந்த வளையல் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. கிரிந்திரசேகர் போஸ் 1922இலேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்; ஃப்ராய்டோடு கடிதத்தில் வாதம் செய்தார். அங்கே கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், அதாவது இன்றைய ஆர்.ஜி. கரில், 1933இல் மனநல ஓபி ஆரம்பித்தார். மனநோய் என்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமான விடுதி என்றிருந்த காலத்தில், மற்ற நோயாளிகள் வரும் அதே பொது மருத்துவமனைக்குள் அதைக் கொண்டுவந்தது பெரிய காரியம்.

ஜெர்மனியில் 1967 முதல் பொதுக் காப்பீடே இந்தச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. தேவைப்பட்டால் 300 அமர்வு வரைகூட. பிரிட்டனில் மனச்சோர்வுக்கான 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், நோயாளி தேர்ந்தெடுக்கக்கூடிய சிகிச்சைகளுள் ஒன்றாகக் குறுகிய கால உளப்பகுப்பாய்வு சிகிச்சையும் இருக்கிறது.

சென்னைக்கு வருவோம். இங்கே மனநல மருத்துவத்தின் கதை 1794இல் திறந்த ஒரு மனநல நிலையத்தோடு தொடங்குகிறது. அந்த நிலையம் கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு 1871இல் வந்தது. அதன் பலனாக ஓர் ஊரின் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்" என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் இந்த நகரத்தில் உண்டா? என் பெரியம்மா ஓபி சீட்டைப் பார்த்து முதலில் கேட்டதும் அதைத்தான். 1961இல் அந்த நிலையத்தின் பொறுப்பை ஏற்ற முதல் பெண் கண்காணிப்பாளர் டாக்டர் சாரதா மேனனும், அவருக்குப் பின் வந்த பலரும் இந்தக் களங்கத்தோடு ஆயுள் முழுக்கப் போராடினார்கள். மன உளைச்சல் வந்தவர் முதலில் இசிஜிக்குப் போவதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை, இந்தப் பயமும் காரணம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடத்தில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. ஆனால் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு, பதற்றம் போன்றவை உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. நூறில் 85 பேருக்கு ஒரு மாத்திரைகூடக் கிடைக்காத ஊரில் 60 அமர்வு பேச்சு சிகிச்சை பற்றி வாதாடுவது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சைக்காலஜிஸ்ட் ஒரு நாளைக்கு ஆறு பேரை, தலா 50 நிமிடம் பார்க்கிறார். வாரம் ஐந்து நாள். ஆக வாரத்துக்கு 30 பேர். 60 அமர்வு என்றால் அந்த 30 பேரை முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 16 அமர்வு என்றால் ஒரு வருடத்தில் 90 பேரைப் பார்க்கலாம். ஓபி டாக்டர் ஒருவர் அத்தனை பேரை ஒன்றிரண்டு நாளில் பார்த்துவிடுகிறார். எனவே எல்லாருக்கும் நீண்ட சிகிச்சை என்பது நடக்காது, அது தேவையும் இல்லை.

கோவாவில் 2017இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு அமர்வு பேசவைத்தார்கள். சிகிச்சை முறை எளிய நடத்தை சிகிச்சை. மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். அது இல்லாதவர்களில் 39. முதல் படி அதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உளப்பகுப்பாய்வு சிகிச்சைக்கான கேள்வி அதற்கடுத்த படியில் வருகிறது: மீதமுள்ள 36 பேர் என்ன ஆவார்கள்? மாத்திரையும் எடுத்து, எட்டு அமர்வும் பேசி, ஆறு மாதத்தில் அதே ஓபி வரிசைக்குத் திரும்புகிறவர்களும், கையை அறுத்துக்கொண்டு மூன்றாவது முறை காஷுவால்டிக்கு வரும் பெண்ணும்தான் அந்த நீண்ட அமர்வுகளுக்கு உரியவர்கள் என்பது என் துணிபு. அவர்களைத் திரும்பத் திரும்ப ஐந்து நிமிடம் பார்த்து அனுப்புவதும் இலவசமாக நடப்பதில்லை. செலவு சிறு சிறு சீட்டுகளாகப் பிரிந்து கிடப்பதால் கண்ணில் படுவதில்லை.

இந்த மரபு பொது மருத்துவத்துக்கு இன்னொரு வழியிலும் கொடுத்திருக்கிறது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் அட்மிட் ஆன குழந்தையோடு அம்மா தங்குவது நமக்கு இயல்பு. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் அது கிடையாது. பெற்றோர் குறித்த நேரத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் எட்டு நாள் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை மெல்ல மெல்ல ஒடுங்கிப்போவதை, டாவிஸ்டாக் கிளினிக்கில் உளப்பகுப்பாய்வாளர் ஜான் போல்பியோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் படம் பிடித்துக் காட்டினார். டாக்டர்கள் முதலில் கோபப்பட்டார்கள். 1959இல் அரசுக் குழுவே பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கச் சொன்னது. ஒரு குழந்தையையும் சோபாவில் படுக்கவைத்துப் பகுப்பாய்வு செய்யவில்லை. குழந்தையின் அழுகைக்கு அர்த்தம் உண்டு என்று நம்பினார்கள், அவ்வளவுதான்.

அதே டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் என்ற மருத்துவர் 1950களில் பொது மருத்துவர்களை வாரம் ஒருமுறை வட்டமாக உட்காரவைத்து, அவர்களைத் தொந்தரவு செய்யும் நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார். "எந்த டெஸ்ட் எடுத்தாலும் சரியாக இருக்கிறது, ஆனாலும் வந்துகொண்டே இருக்கிறார், அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்" என்று டாக்டர் சொல்லலாம். ஏன் எரிச்சல் வருகிறது என்று சேர்ந்து யோசிப்பார்கள். டாக்டரே ஒரு மருந்து, அதன் அளவும் பக்கவிளைவும் யாருக்கும் தெரியவில்லை என்பது பாலின்டின் பார்வை. சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்ய மாதம் இருமுறை ஒரு மணி நேரமும், நடத்தத் தெரிந்த ஒருவரும் போதும். நெஞ்சடைப்பு என்று வருகிறவரிடம் இசிஜி சரியாக இருக்கிறது என்று சொன்னதோடு நிற்காமல், "வீட்ல எல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டு, பதிலுக்கு மூன்று நிமிடம் காத்திருக்கும் டாக்டர்கள் அதனால் கூடுவார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு வேண்டிய கருவிகள் சொற்பம்: இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், கதவு போட்ட ஓர் அறை. இதில் கதவுதான் நம் ஓபியில் கிடைக்காதது. டாக்டர் மேசையைச் சுற்றி அடுத்த நான்கு நோயாளிகள், பயிற்சி மாணவர்கள், கூட வந்த மாமியார் என்று எல்லாரும் நிற்க, ஒரு மருமகள் என்ன பேசிவிடுவாள்? அதற்கடுத்தது மொழி. நம்மூர்த் தெரபிஸ்டுகளில் பலர் படித்தது முழுக்க ஆங்கிலத்தில். "மனசு அரிச்சிக்கிட்டே இருக்கு" என்பதும் "மனசு விட்டுப்போச்சு" என்பதும் வேறு வேறு வலி. இரண்டையும் மனச்சோர்வு என்று ஒரே சொல்லில் குறித்துக்கொண்டால் பேச வந்தவர் பாதியிலேயே தனியாகிவிடுவார். செலவைப் பொறுத்தவரை ஒரு நல்ல சேதி: 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே வாரா வாரம் வருவது முன்பைவிட எளிது. அரை நாள் கூலி போவது மட்டும் அப்படியே இருக்கிறது. மாலை நேர ஓபி ஒன்று அதைச் சரிசெய்யும்.

உதவி தேடுகிறவர்களுக்கு நாலு வார்த்தை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல ஓபி இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வருகிறது என்றால் காத்திருக்காமல் இப்போதே அழையுங்கள். தனியாரிடம் போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த முறையில் சிகிச்சை, எத்தனை அமர்வு, பலனில்லை என்றால் என்ன செய்வோம் என்றும் கேளுங்கள். நல்லவர் யாரும் கோபப்பட மாட்டார். பேச்சு சிகிச்சை ஆரம்பித்துவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெரியம்மாவுக்கும் பேச ஒரு வாய்ப்பு வந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த எம்.ஃபில் மாணவி ஒருவர், வியாழக்கிழமை தோறும் முக்கால் மணி நேரம் அவரோடு உட்கார்ந்தார். ஸ்டோர் ரூமை ஒட்டிய சின்ன அறை, ஆனால் கதவு இருந்தது. முதல் மூன்று வாரம் பெரியம்மா முட்டிவலி பற்றி மட்டும் பேசினாராம். நான்காவது வாரம், 30 வருடத்துக்கு முன்னால் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போன தம்பியின் சாவுக்குத் தான் போகாததைச் சொன்னார். என் அம்மாவிடம்கூட அதுவரை அவர் அதைப் பேசியதில்லை. வியாழக்கிழமை என்றால் காலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

ஐந்து மாதத்தில் அந்தப் பெண்ணின் பயிற்சிக் காலம் முடிந்தது. அடுத்த வியாழன் அதே அறையில் வேறொரு மாணவி இருந்தார். அவரும் அன்பாகத்தான் இருந்தார், ஒரு புது ஃபைலைத் திறந்து, "சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்றார். மகேஸ்வரி கதையில் சொன்னேனே, பயம் அந்த இருவருக்கு நடுவில் வந்து நிற்க வேண்டும் என்று. இருவரில் ஒருவர் மாறிவிட்டால் அது எங்கே நிற்கும்? அதே ஆள், அதே அறை, அதே நேரம் என்பது இந்தச் சிகிச்சையில் மருந்தின் அளவைப் போன்றது. பயிற்சி மாணவர்களின் சுழற்சியை நம்பி இதை நடத்த முடியாது, நிரந்தரப் பணியிடம் வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு இரண்டு பேர் என்று தொடங்கினாலும் போதும்.

பெரியம்மா அன்றைக்கு அந்தப் புது மாணவியிடம் முட்டிவலி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் என்னிடம், "அந்தப் பொண்ணு நம்பர் கிடைக்குமாடா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை. அதற்கப்புறம் வியாழக்கிழமை அவர் எங்கேயும் கிளம்புவதில்லை.